சாகப்போகிற ஆட்டக்காரர் எழுதினால் அது எழுத்தா, அனுதாப விற்பனையா?

ஜூன் 4, 2024. நாகர்கோவில் வாசகர் ஒருவரின் கேள்வி

தேர்தல் முடிவு நாளில் இதை யாரும் படிக்கமாட்டீர்கள், இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். இங்கிலாந்தின் ரக்பி லீக் ஆட்டக்காரர் ராப் பர்ரோ ஞாயிற்றுக்கிழமை இறந்தார். வயது 41. மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது. 2019 டிசம்பரில் நோய் தெரிந்தது, 2021இல் சுயசரிதை வந்துவிட்டது. பேச்சும் கையும் போய்க்கொண்டிருந்த ஆள் எப்படிப் புத்தகம் எழுதுவார்? கூட ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். அதைப் பெரிய எழுத்தென்று கொண்டாடுகிறார்கள். நோய் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை யார் தொடுவார்கள்? இது எழுத்தே இல்லை, அனுதாப விற்பனை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 4, இரவு

மறுக்கிறேன் தம்பி. கடையில் இன்று ஈ ஓட்டினேன், எல்லாரும் டிவி முன்னால். அதனால் நேரம் இருக்கிறது.

எனக்கு கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் போகும் வழியில் லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் லாட்டரி இல்லாததால் எல்லை தாண்டி வருபவர்கள்தான் பாதி வியாபாரம். அது கிடக்கட்டும். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸோடு, அதாவது தீராத நோயாளிகளின் வலியைக் குறைக்க வீடு வீடாக வருகிறவரோடு, போகும் தொண்டர்களில் நானும் ஒருவன். அந்த வகையில் சாகப்போகிற ஆட்டக்காரர் ஒருவர் எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி பிறகு.

கூட ஒருவர் எழுதிக்கொடுத்தால் எழுத்தில்லை என்றால் அரசியல்வாதி சுயசரிதை எதுவுமே எழுத்தில்லை. அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஜூன் 5

காலையில் வந்து பார்த்தால் கீழே ஒரே சத்தம். ஒருவர் யுவராஜ் சிங்கை இழுத்திருக்கிறார். அவர் 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன், அதன்பின் புற்றுநோய், அமெரிக்காவில் சிகிச்சை, 2013இல் புத்தகம். எல்லாம் சரி. ஆனால் அவர் பிழைத்து மறுபடி ஆட வந்தவர். கரையேறியபின் எழுதுவதும் தண்ணீருக்குள் இருந்தபடி எழுதுவதும் வேறு வேறு. கரையேறியவருக்குக் கதையின் முடிவு கையில் இருக்கிறது. அவரை இந்தப் பேச்சில் சேர்க்கவேண்டாம்.

இன்னொரு அக்கா லூ கெரிக் தன் நோயைப் பற்றி எழுதிய புத்தகம் என்று போட்டிருக்கிறார். கெரிக் அப்படி ஒன்றும் எழுதவில்லை. பேஸ்பாலில் 2,130 ஆட்டம் விடாமல் ஆடியவர், 1939இல் தன் 36ஆவது பிறந்தநாளன்று நோயின் பெயரைக் கேட்டார், அந்த ஜூலை 4ஆம் தேதி மைதானத்தில் மைக் முன்னால் நின்று சின்னதாய் ஒரு உரை. அவ்வளவுதான். அமெரிக்காவில் அந்த நோய்க்கே அவர் பெயர்தான் வழங்குகிறது. பர்ரோவுக்கு வந்ததும் அதே நோய்தான். கெரிக் இறந்தது 1941 ஜூன் 2. பர்ரோ இறந்ததும் ஜூன் 2. இதைப் பார்த்ததும் எங்கள் கடைக்கு வரும் ஆட்களாக இருந்தால் 26 என்று முடியும் டிக்கெட்டைத் தேடுவார்கள்.

ஜூன் 7

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். ரக்பி நமக்குப் புரியப்போவதில்லை.

மார்ட்டின் க்ரோ. நியூஸிலாந்து. என் வயதுக்காரர்களுக்கு 1992 உலகக் கோப்பை என்றால் க்ரோதான்: சுழற்பந்துக்காரர் தீபக் படேலைப் புதுப் பந்தோடு இறக்கினவர், தொடர் நாயகன். அரையிறுதியில் 91 அடித்து, தொடையில் பிடித்துக்கொண்டு, ஃபீல்டிங்குக்கு வரவில்லை. பெவிலியனில் உட்கார்ந்து பாகிஸ்தானின் இன்ஸமாம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றார்கள்.

அதற்கு முந்தைய வருடம் வெலிங்டனில் இலங்கைக்கு எதிராக 299. முதல் இன்னிங்ஸில் 323 ரன் பின்தங்கிய அணி, ஆண்ட்ரூ ஜோன்ஸும் இவரும் சேர்ந்து 467. அப்போது எந்த விக்கெட்டுக்கும் அதுதான் உலகச் சாதனை. ஆட்டம் முடியும் நேரத்தில் ரணதுங்காவின் சாதாரணப் பந்தில் விக்கெட் கீப்பரிடம் கேட்ச். ஒரு ரன்.

2012 அக்டோபரில் லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். 2013இல் தன் இரண்டாவது சுயசரிதையைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் கிரிக்கெட் இணையதளத்தில் பத்தி எழுதினார். 2014இல் நோய் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. 2016 மார்ச் 3இல் இறந்தார், வயது 53.

தம்பி, அந்தப் பத்திகளைப் படித்துப் பாருங்கள். அங்கே கூட உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர் வாடையே இல்லை. நோயைப் பற்றி மிகக் கொஞ்சம். 19 வயதில் தேசிய அணிக்குள் வந்து, மனசு வளரும் முன்பே பெரியவர்களுக்கு நடுவில் வேஷம் கட்டிக்கொண்டதைப் பற்றி நிறைய. ஆடிய காலத்தில் டிரெஸ்ஸிங் ரூமில் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பேட்டிங் உத்தி பற்றி எழுதினால் காலை எங்கே வைப்பது, தலை எங்கே இருக்கவேண்டும் என்று ஆசாரி அளவு சொல்வது போல. என் கட்சி இதுதான்: உடம்பை வைத்துத் தொழில் செய்தவனுக்கு உடம்பைப் பற்றி நமக்குத் தெரியாதது தெரியும். அது கெட்டுப்போகும்போது எப்படிக் கெடுகிறது என்பதையும் அவன்தான் துல்லியமாகச் சொல்வான். மற்ற நோயாளிகளுக்கு ‘முடியல’ என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடுவது அவனுக்கு இருபது வகையாகத் தெரியும்.

ஜூன் 8

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசிப் பகுதி ரொம்ப உறுதியாக வந்துவிட்டது. எல்லா ஆட்டக்காரரும் அப்படி எழுதுவதில்லை. பாதிப் பேர் ‘போராடுவேன், விடமாட்டேன்’ என்று ஸ்டேடியம் பேட்டி மாதிரியே எழுதி முடித்துவிடுகிறார்கள். செத்ததும் பத்திரிகைக்காரர்கள் ‘போராடித் தோற்றார்’ என்று போடுவார்கள். யாரோடு போராடினார்? நடுவர் யார்? நான் பார்க்கிற வீடுகளில் யாரும் போராடி நான் பார்த்ததில்லை. கஞ்சித் தண்ணீர் இறங்கினால் நல்ல நாள்.

ஜூன் 11

மழை. கரெண்ட் போய்ப் போய் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கடையின் ப்ளெக்ஸைக் கிழித்துவிட்டது.

சரி, அந்த அண்ணன் கதை. நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஊரும் பேரும் சொல்லமாட்டேன், சித்தூர் தாலுகா என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை. தொழில் செவன்ஸ்.

தெரியாதவர்களுக்கு: மலபார் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் கமுகும் கட்டி காலரி போட்டு, விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். மழை தொடங்கும்வரை சீசன். மலப்புரத்தில் ராத்திரி ஆட்டத்துக்குக் கூட்டம் நெரியும். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஆடுகிறார்கள். தேசியச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாததால் பென்ஷன், இன்ஷூரன்ஸ் ஒன்றும் கிடையாது. ஆடினால் அன்றைக்குக் கையில் காசு, கால் உடைந்தால் வீட்டுக்குப் போ. அண்ணன் ஆடியது இடது பின்களம். சீசன் முழுக்க பஸ்ஸில்தான் தூக்கம்.

நாக்கில் புற்று. புகையிலை. அறுவைசிகிச்சையில் நாக்கின் பெரும்பகுதி போனது, பேச்சு போனது, பிறகு கழுத்தில் திரும்பி வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் ட்யூப். நாங்கள் போக ஆரம்பித்தது அப்போது.

அவர் எழுத ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் நோட்டு. முதலில் ‘ஃபேன் போடு’, ‘அவன் வந்தானா’ இந்த மாதிரி. அப்புறம் ஒருநாள் பார்த்தால் பட்டியல். எந்த டோர்னமென்ட் கமிட்டி எந்த வருடம் எவ்வளவு பாக்கி. நான் சத்தியமாகச் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

ஜூன் 12

தொடர்கிறேன், நேற்று சார்ஜ் போய்விட்டது.

அந்தப் பாக்கிப் பட்டியல்தான் புத்தகமாக வளர்ந்தது. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் எப்படி அந்தக் காசு வராமல் போனது என்று இரண்டு வரி சேர்ந்தது. அப்புறம் அந்த ராத்திரி மழை வந்ததா, யார் கோல் போட்டது, திரும்பி வரும்போது எந்தக் கடையில் பொறோட்டா. ஒரு வரிக்குக் கீழே ஒரு பக்கம், அடுத்ததற்கு நாலு பக்கம். ஒரு அரையிறுதி டைபிரேக்கரில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதை மட்டும் தனித்தனி இடங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வேறு காரணம். ஷூ பெரிது. ஈரம். கோலி கண்ணடித்தான். கடைசியாக எழுதியதில் காரணமே இல்லை, ‘உள்ளங்கால் பந்துக்கு அடியில் போய்விட்டது’ என்று மட்டும்.

க்ரோவின் 299 பற்றிப் படித்தபோது எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

எழுதும் நேரமும் அவர் கையில் இல்லை. மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து ட்யூப் வழியாகக் கொடுப்போம். வலி இறங்கவேண்டும், ஆனால் தூக்கம் அழுத்தக்கூடாது, அந்த இடைவெளியில்தான் பேனா பிடிப்பார். இங்கே அந்த மாத்திரை வீடுவரை வருகிறது என்பதே சும்மா வந்ததில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் தொடங்கிய சங்கம், அப்புறம் மலப்புரத்தில் ஊர்க்காரர்களே நடத்திய கிளினிக்குகள், 2008இல் மாநில அரசின் பாலியேட்டிவ் கொள்கை, இதெல்லாம் சேர்ந்துதான். சட்டம் திருந்தியது 2014இல். வலியில் துடிக்கிறவன் எதையும் எழுதமாட்டான். ‘நோயில் பிறந்த இலக்கியம்’ என்று பேசுகிறவர்கள் முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசவேண்டும்.

ஜூன் 15

வாலாஜா நண்பர் கேட்டிருக்கிறார்: இந்த நோயில் கை போனவர்கள் கண்ணால் டைப் அடிக்கிறார்களாமே, அது எப்படி?

திரைக்குக் கீழே ஒரு சின்னக் கருவி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழியில் அடித்து, பிரதிபலிப்பை வைத்து எங்கே பார்க்கிறார் என்று கணக்குப் போடும். திரையில் எழுத்துப்பலகை. ஒரு எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது விழும். நடுநடுவே அடுத்த வார்த்தையை அதுவே ஊகித்துக் காட்டும். கண் சீக்கிரம் களைத்துவிடும், தலை சாய்ந்தால் மறுபடி சரிசெய்யவேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் க்ளீசன் இப்படித்தான் எழுதுகிறார். கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் மைதானம் திறந்த அன்று, 2006 செப்டம்பர் 25இல், எதிரணி உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்தவர். 2011இல் பர்ரோவுக்கு வந்த அதே நோய். 2024இல்தான் அவர் நூல் வந்தது. துணைக்கு ஒரு பத்திரிகையாளர் உண்டு. தம்பி உடனே ‘பாருங்கள், பாருங்கள்’ என்பார். ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் பொறுக்குகிற ஆள் வீண் வார்த்தை போடுவாரா என்று யோசியுங்கள். நம்மில் பலருக்கு விரல் ரொம்பச் சுலபமாக ஓடுகிறது, நான் உட்பட, மேலே பாருங்கள்.

பர்ரோ தன் குரலை முன்கூட்டியே பதிவு செய்துவைத்ததால் இயந்திரம் அவர் குரலிலேயே பேசியது. 165 சென்டிமீட்டர் உயரத்தோடு அந்த முரட்டு ஆட்டத்தில் லீட்ஸ் அணிக்காக எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வாங்கினவர் அவர். அவ்வளவுதான், ரக்பி முடிந்தது.

ஜூன் 19

தம்பி இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்: ‘க்ரோ ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர், அவரை விதிவிலக்காக வைத்துக்கொள்கிறேன், ஆனால் பொதுவாக நோய்தான் விற்கிறது.’

நோய் விற்கிறது, உண்மை. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் விற்பதை வைத்து எழுத்தை அளந்தால் நல்ல புத்தகம் எதுவும் தேறாது. ஆர்தர் ஆஷைப் பாருங்கள். 1975 விம்பிள்டன் சாம்பியன். 1983இல் இதய அறுவைசிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தால் எச்ஐவி. அமெரிக்காவில் ரத்தத்தைச் சோதிக்க ஆரம்பித்ததே 1985இல்தான். அவருக்கு விஷயம் தெரிந்தது 1988இல், எப்படியென்றால் வலது கை. போன் டயல் செய்யப் போனால் விரல் கேட்கவில்லை. உலகத்தையே சர்வ் அடித்து வென்ற கை. அதே 1988இல்தான் அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மூன்று தொகுதியாகக் கொண்டுவந்தார். பாடம் நடத்தப் போய், அப்படியொரு சரியான நூல் இல்லையென்று கண்டு, கைக்காசு போட்டு, வருடக்கணக்கில் உழைத்தது. நோய்க்கு முன்பே எழுத்தாளர்.

அவர் நோயை விற்கவில்லை, மறைத்துவைத்திருந்தார். ஒரு நாளிதழுக்கு விஷயம் எட்டி வெளியிடப்போகிறார்கள் என்றதும் வேறு வழியில்லாமல் 1992 ஏப்ரல் 8இல் தானே அறிவித்தார். மகளைப் பற்றிய வரி வந்ததும் படிக்க முடியவில்லை, மனைவி படித்தார். மறு வருடம் பிப்ரவரி 6இல் இறந்தார், 49 வயது. கடைசிவரை வேலை செய்த நினைவுநூல் இறந்தபின் வந்தது. அதில் உடன் எழுதியவர் ஆர்னால்ட் ராம்பர்சாட், இலக்கியப் பேராசிரியர். எய்ட்ஸைவிட அமெரிக்காவில் கறுப்பனாக இருப்பது பெரிய சுமை என்று அதில் ஒரு பேச்சு வருகிறது. அனுதாபத்துக்காக எழுதுகிறவன் இதைச் சொல்லமாட்டான். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும்.

நூல் மகளுக்கு எழுதிய கடிதத்தோடு முடிகிறது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

ஜூன் 30

நேற்று ராத்திரி டி20 உலகக் கோப்பை இறுதி. தூங்கவில்லை. சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த கேட்சைப் பற்றி இங்கேயும் சண்டை தொடங்கியிருக்கிறது, அதற்கு வேறு இடம் பாருங்கள்.

ஆனால் ஒன்று. 2015 உலகக் கோப்பை நேரத்தில் க்ரோ நோயோடு இருந்தார். ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியா ஆட்டத்தின் இடைவேளையில் அவரை ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அப்புறம் அதே ஈடன் பார்க்கில், 92இல் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே மைதானத்தில், அரையிறுதியில் எலியட் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெய்னை சிக்ஸர் அடித்து நியூஸிலாந்து ஜெயித்தது. இறுதிப்போட்டிக்கு முன் ஒரு பத்தி எழுதினார். தான் கற்றுக்கொடுத்த ராஸ் டெய்லரையும் கப்டிலையும் தனக்குப் பிறக்காத மகன்கள் என்று சொல்லி, இதுதான் தான் பார்க்கும் கடைசி ஆட்டமாக இருக்கலாம், அதுவும் சரிதான் என்கிற மாதிரி. புலம்பல் துளியும் இல்லை. இறுதியில் தோற்றார்கள். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை அதற்குப் பிறகு.

அந்த 299ஐ நியூஸிலாந்தில் வேறு யாரும் தாண்டாமல் இருபத்துமூன்று வருடம். 2014இல் அதே வெலிங்டன் மைதானத்தில் மெக்கல்லம் நம் அணிக்கு எதிராக 302 அடித்தார். எனக்கு அன்றைக்கு இந்தியா ஜெயிக்கவில்லையே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

ஜூலை 3

அண்ணன் நோட்டை யார் திருத்தினார் என்று கேட்கிறார்கள். நான்தான் லேப்டாப்பில் அடித்தேன். ஆனால் திருத்த அவர் விட்டால்தானே. அடித்ததை நான் சத்தமாகப் படிக்கவேண்டும், அவர் ஸ்டீல் டம்ளரோடு கட்டிலில் இருப்பார். சரியென்றால் சும்மா இருப்பார். நான் ஏதாவது அழகாக்கியிருந்தால் கட்டில் கம்பியில் டங்கென்று ஒரு தட்டு. ‘கண்ணீர் வந்தது’ என்று ஒரு இடத்தில் சேர்த்தேன், அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஓடிவரும் அளவுக்குத் தட்டினார். நோட்டை வாங்கி எழுதினார்: ‘வரல. பசி.’

ஆகவே தம்பி, உதவிக்கு ஆள் இருந்ததா என்பதைவிட டம்ளர் யார் கையில் இருந்தது என்று பார்க்கவேண்டும். ராம்பர்சாட் எவ்வளவு சேர்த்தார், ஆஷ் எங்கே தட்டினார், அதெல்லாம் வெளியே தெரியாது. படிக்கும்போது ஊகிக்கலாம். தன்னைக் கொஞ்சம் சின்னவனாகக் காட்டுகிற இடங்கள் நிற்கின்றனவா என்று தேடுவேன் நான். கூலிக்கு எழுதுகிறவர் அந்த இடங்களைத்தான் முதலில் வெட்டுவார், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே.

நோட்டு அவர் மகளிடம் இருக்கிறது. வெளியிடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. பாக்கிப் பட்டியலை மட்டும் தனியே ஜெராக்ஸ் எடுத்துவைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஒரு கமிட்டி கொடுத்துவிட்டது. மற்றவர்கள் ‘அப்போதைய செயலாளர் இப்போது கல்ஃபில்’ என்கிறார்கள்.

ஜூலை 6

பொள்ளாச்சித் தங்கை ஒருவர் தனியாகக் கேட்டதற்கு, அவர் அனுமதியோடு இங்கே பதில். அண்ணன் கபடி ஆட்டக்காரராம், மோட்டார் நியூரான் நோய் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள், எழுத ஆசைப்படுகிறாராம், என்ன வாங்கிக் கொடுப்பது?

கண்ணால் இயக்கும் கருவியைப் பற்றி இப்போதே விசாரித்து வையுங்கள், ஆனால் முதல் வேலை குரல். பேச்சு தெளிவாக இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள், குழறத் தொடங்கியபின் பதிவு செய்தால் குழறலும் சேர்ந்துதான் பதியும். சாதாரண போனே போதும், காற்றில்லாத அறை, ஃபேனை நிறுத்திவிட்டு. கதை சொல்லட்டும், திட்டட்டும், குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். போனில் தமிழில் பேசினால் எழுத்தாக விழும் வசதி இருக்கிறது, கை தளர்ந்தாலும் அதில் கொஞ்சகாலம் ஓட்டலாம். கை இருக்கும்வரை எழுத விரும்பினால் மொத்தமான பேனா, மெல்லிய பேனா விரலில் நிற்காது.

நோயைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். முதல் ரெய்டில் யார் காலைப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். அல்லது எவன் காசு பாக்கி வைத்திருக்கிறான் என்று.

எல்லைக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குவதாக இருந்தால் அந்தப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸிடம் பேர் கொடுங்கள், வீட்டுக்கே வருவார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றால் நானும் வருகிறேன். மூன்று மணிக் குலுக்கல் முடிந்து, ரிசல்ட் கேட்டு வருகிறவர்களை அனுப்பிவிட்டு, நாலரைக்கு மேல்.